கேம் ஆட ஒரு ப்ராசஸர், கேம் செய்ய வேறொன்று

கேம் தயாரிப்பில் இறங்கும் இளைஞருக்கு ப்ராசஸர் பற்றி ஆலோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேம் ஆடுகிறவர்கள்தான். ரிச்சி தெரு கடைக்காரரைக் கேட்டாலும் சரி, கல்லூரி சீனியரைக் கேட்டாலும் சரி, யூடியூபில் ரிவ்யூ போடுபவரைப் பார்த்தாலும் சரி, பேச்சு எஃப்பிஎஸ் கணக்கில்தான் வந்து நிற்கும். இந்தச் சிப்பில் இந்த கேம் நொடிக்கு இத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்பார்கள். ஏஎம்டி 2024 நவம்பரில் வெளியிட்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி அந்தப் பட்டியல்களின் உச்சியில் உட்கார்ந்தது. ஆடுவதற்கு அது அருமையான சிப், சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்கி அன்ரியல் என்ஜினில் பெரிய ப்ராஜெக்ட் ஒன்றைக் கம்பைல் செய்பவருக்கு, கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைத்த இன்னொரு சிப் அதே வேலையை ஏறக்குறையப் பாதி நேரத்தில் முடித்திருக்கும் என்பது பிறகுதான் தெரியவரும்.

காரணம் எளிது. 60 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் கேமுக்கு ஒரு ஃபிரேமை முடிக்க 16.7 மில்லி விநாடிதான் அவகாசம். அதற்குள் எதிரிகள், தோட்டாக்கள், கதவுகள் என நினைவகத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் தகவலையெல்லாம் ப்ராசஸர் தொட்டுவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய் வந்தால் நேரம் போதாது. அதனால்தான் 9800எக்ஸ்3டியில் 96 எம்பி எல்3 கேஷ் வைத்திருக்கிறார்கள். அதன் சாதாரண உடன்பிறப்பான 9700எக்ஸில் இது 32 எம்பி மட்டுமே. இரண்டிலும் கோர் எட்டுதான். கம்பைல் வேலையோ பெரும்பாலும் கோர் எண்ணிக்கையைப் பார்க்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த 9950எக்ஸில் 16 கோர் உண்டு. வெளியீட்டின்போது அதன் விலை 649 டாலர். 9800எக்ஸ்3டி 479 டாலருக்கு வந்தது. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி, டாலர் மதிப்பு, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து ரூபாய் விலை வாரத்துக்கு வாரம் மாறும். 

அப்படியானால் 16 கோரை வாங்கிவிட்டால் போதுமா? அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் நாள் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசஸருக்கும் தனித்தனிக் கட்டம் காட்டச் சொல்லுங்கள். அதை ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள்.

அன்ரியலில் சி++ கோடை பில்ட் செய்தால் கட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறும். ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் தனித்தனியாகக் கம்பைல் செய்யலாம் என்பதால், எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை ஃபைல்கள் ஒன்றாக ஓடும். திடீரென்று எல்லாக் கட்டங்களும் சரிந்து, ஒன்றிரண்டு மட்டும் மேலே நிற்கும். அது லிங்க் கட்டம். தனித்தனியாகக் கம்பைலான துண்டுகளை ஒட்டி ஒரே புரோகிராமாக்கும் வேலை அது. கல்யாணச் சமையலில் காய் நறுக்கப் பத்துப் பேர் உட்காரலாம், சாம்பாருக்கு உப்புப் போடுபவர் ஒருவர்தான். லிங்க் நேரத்தில் 64 கோர் சிப்பாக இருந்தாலும் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எட்டு கோரில் பில்டுக்குப் பத்து நிமிடம் ஆகிறது, அதில் ஒன்பது நிமிடம் பிரித்துச் செய்யக்கூடியது, ஒரு நிமிடம் லிங்க் என்று வைத்துக்கொள்வோம். 16 கோரில் அது ஐந்தரை நிமிடமாகும். 32 கோரில் மூன்றேகால் நிமிடம், 64 கோரில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் தாவலில் நாலரை நிமிடம் மிச்சமாகிறது, கடைசித் தாவலில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இதுதான். ஆம்டால் விதி என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். 64 கோர் கொண்ட த்ரெட்ரிப்பர் 7980எக்ஸ் 4,999 டாலருக்கு வந்தது. என்ஜினையே நாள்தோறும் முழுதாகக் கம்பைல் செய்யும் ஸ்டுடியோவுக்கு அது கட்டுப்படியாகலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அந்தப் பணத்தில் வேறு ஆயிரம் தேவைகள் இருக்கும்.

அன்ரியலில் இன்னொரு காத்திருப்பு ஷேடர் கம்பைல். புது ப்ராஜெக்டைத் திறந்ததும் திரையின் கீழ்மூலையில் ஆயிரக்கணக்கில் ஓர் எண் தோன்றி, மெதுவாக இறங்கிக்கொண்டே வரும். அதைப் பார்த்தபடியே டீக்குப் போனவர்கள் ஏராளம். இது கிராபிக்ஸ் கார்டு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். செய்வது ப்ராசஸர்தான், இருக்கிற கோர்களையெல்லாம் பயன்படுத்தியே செய்கிறது. மாறாக, லைட் பேக் செய்வதையும் பிளெண்டரில் ரெண்டர் செய்வதையும் இப்போது கிராபிக்ஸ் கார்டிடம் விட்டுவிடலாம். இந்த இரண்டுக்காக ப்ராசஸரில் பணம் போடத் தேவையில்லை.

யூனிட்டி வைத்து வேலை செய்கிறவர்கள் மேலே சொன்னதைப் படித்துவிட்டு 16 கோர் வாங்க ஓட வேண்டாம். அங்கே அன்றாடத் தொல்லை வேறு. சி ஷார்ப் ஸ்கிரிப்டில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்துவிட்டு எடிட்டருக்குத் திரும்பினால், சில நொடிகள் ஒரு பட்டை ஓடும். டொமைன் ரீலோடு என்ற அந்த வேலை பெரும்பாலும் ஒரே கோரில் நடக்கிறது. ஒரு நாளில் எத்தனையோ முறை நடக்கிறது. அங்கே உதவுவது ஒற்றைக் கோரின் வேகம். ஆண்ட்ராய்டுக்கு ஐஎல்2சிபிபி வழியாக பில்ட் எடுக்கும்போது மட்டும் சி ஷார்ப் கோடு சி++ ஆக மாறி, எல்லாக் கோர்களும் விழித்துக்கொள்ளும். அதை எல்லாரும் மணிக்கொரு முறை எடுப்பதில்லை. புதுத் தலைமுறையைச் சேர்ந்த ஆறு அல்லது எட்டு கோர் சிப் யூனிட்டிக்குத் தாராளம். கோடாட் இன்னும் எளிமை, நாலு கோர் பழைய மெஷினிலும் சிரமமின்றி ஓடும்.

ப்ராசஸரைப் பற்றிப் பேசும்போது ரேமை மறந்துவிடுகிறோம். கேம் செய்பவருக்கு இரண்டும் ஒரே கணக்கு. அன்ரியலின் பில்ட் டூல், ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி ரேம் ஒதுக்கிப் பார்க்கிறது. 16 கோருக்கு அது 24 ஜிபி. எடிட்டர், விஷுவல் ஸ்டூடியோ, பிரவுசர் எல்லாம் திறந்திருக்கையில் 32 ஜிபி மெஷினில் அவ்வளவு இடம் காலியாக இருக்காது. டூல் தானே கம்பைல் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய கோர்களில் பாதி வேடிக்கை பார்க்கும். 2025 இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதால் இந்த இடத்தில்தான் பலர் கை வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், 16 கோரும் 32 ஜிபியும் என்பதைவிட 12 கோரும் 64 ஜிபியும் நல்ல ஜோடி. வாங்கும்போது இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள். ரைசன் 9000 வரிசையில் இரண்டு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5-5600 வேகத்துக்கு ஏஎம்டி உத்தரவாதம் தருகிறது. நாலு போட்டால் அது 3600-க்கு இறங்கிவிடும்.

வேகத்தைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் பலவற்றில் வினோதமான கோளாறு வந்தது. அன்ரியலில் செய்த கேம்களைத் திறந்தால், ஷேடர் தயாராகும் நேரத்தில் வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு கேம் மூடிக்கொள்ளும். செய்தியை நம்பி கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள், டிரைவரை மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில் தப்புக் கணக்குப் போட்டது ப்ராசஸர். சுருக்கி வைத்த தகவலை விரிக்கும் ஊடில் என்ற மென்பொருளைத் தயாரிக்கும் ராட் நிறுவனம், பழி தங்கள் மென்பொருள் மேல் விழுவதைப் பார்த்து, இதைப் பற்றித் தனியாக விளக்கமே வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் ஆல்டரான் கேம்ஸ் தன் சர்வர்களை ஏஎம்டிக்கு மாற்றப்போவதாக 2024 ஜூலையில் வெளிப்படையாக அறிவித்தது. அதே மாதம் இன்டெல், மைக்ரோகோடில் இருந்த பிழையால் சிப்புக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போவதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

ஆடுகிறவருக்கு இது எரிச்சல். செய்கிறவருக்கோ நாள்கணக்கில் நஷ்டம். கேம் கிராஷ் ஆகும்போது தப்பு தன் கோடிலா, என்ஜினிலா, மெஷினிலா என்று தெரியாமல் தேட வேண்டும். இந்தச் சிப்புகள் செகண்ட்ஹேண்டில் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் வாங்கமாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். ரேமை ஓவர்கிளாக் செய்து கூடுதல் வேகம் பிழியும் ஆசையையும் வேலை மெஷினில் விட்டுவிடுவது நல்லது.

சென்னை மே மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேம் ஆடும்போது எல்லாக் கோர்களும் முழுதாக உழைப்பது அபூர்வம். பெரிய பில்டோ அரை மணி நேரம் இடைவிடாமல் எல்லாவற்றையும் பிழியும். 9950எக்ஸின் பெட்டியில் 170 வாட் என்று போட்டிருந்தாலும், அந்நேரம் அது 200 வாட் வரை இழுக்கும். ஏசி இல்லாத அறையில் சாதாரணக் கூலர் திணறும். சிப் எரிந்துபோகாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பயாஸில் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்து 105 வாட்டுக்கு இறக்கிவிட்டால் வேகத்தில் சிறு பங்குதான் போகும். சூடும் ஃபேன் சத்தமும் நன்றாகக் குறையும். வீட்டு 600 விஏ யுபிஎஸ்ஸின் திறன் 360 வாட் அளவுதான். நல்ல கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியே அது கைவிட்டுவிடும்.

லேப்டாப் வாங்குகிறவர்கள் பெயரை நம்பக் கூடாது. ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு, நாலே கோர். ஐபோனுக்கு கேம் வெளியிடும் எண்ணம் இருந்தால் எக்ஸ்கோடு ஓட மேக் ஒன்று எப்படியும் வேண்டும், அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் செய்யக்கூடியவையும் உண்டு. விண்டோஸ் டிஃபெண்டர், பில்ட் எழுதும் ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்ற தனிப் பகுதியை உருவாக்கி ப்ராஜெக்டை அதில் வைத்தால் இந்தத் தாமதம் குறையும். குழுவாக வேலை செய்தால் அன்ரியலின் டிரைவ்டு டேட்டா கேஷை அலுவலக நெட்வொர்க்கில் பொதுவாக வையுங்கள். ஒருவர் மெஷினில் கம்பைலான ஷேடரை மற்றவர் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்காது. அன்ரியல் 5.4-உடன் வந்த பில்ட் ஆக்சிலரேட்டர், பக்கத்து மேசை கம்ப்யூட்டர்களின் சும்மா இருக்கும் கோர்களையும் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. நாலு சாதாரண மெஷின் இருக்கிற ஆபீஸுக்கு த்ரெட்ரிப்பரைவிட இது மலிவு.

புது மெஷின் வந்ததும் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். பிஎஸ்5-இல் இருப்பவை எட்டு ஜென் 2 கோர்கள், ஸ்டீம் டெக்கில் நாலுதான். 16 கோரில் வழுக்கிக்கொண்டு ஓடும் உங்கள் கேம் அங்கே திக்கித் திணறுகிறதா என்பதைப் புது மெஷின் ஒருநாளும் காட்டாது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில ஆயிரத்துக்கு, வாரம் ஒருமுறை கேமை ஓட்டிப் பார்க்க ஒரு டெஸ்ட் மெஷின் எங்கும் கிடைக்காது.