டிராக் ரேஸுக்கு வண்டி கட்டுகிறீர்களா? முதலில் பில்லைக் கேளுங்கள்

பழைய எஸ்டீம், பழைய ஹோண்டா சிட்டி, கிடைத்தால் ஒரு பலேனோ. நம்மூரில் டிராக் ரேஸ் ஆசை இப்படித்தான் தொடங்குகிறது. இன்ஜின் வேலை முடிந்து பந்தய தூரமான 402 மீட்டரை ஓட்டிப் பார்த்தால், சக்தி இருந்தும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. அடுத்து கைவைப்பது சஸ்பென்ஷனில். இன்ஜினில் தப்பு செய்தால் வண்டி ஓடாது. சஸ்பென்ஷனில் தப்பு செய்தால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

டயர் ஏன் வழுக்குகிறது என்று பார்ப்போம். 900 கிலோ வண்டி, முன் சக்கரங்களின் மேல் 540 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகக் கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது. அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்றால், புவியீர்ப்பில் பாதியளவு முடுக்கத்துக்கே சுமார் 95 கிலோ முன்னாலிருந்து பின்னுக்குப் போய்விடும். நம் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. இழுக்க வேண்டிய சக்கரமே லேசாகிவிடுகிறது. அமெரிக்க வீடியோக்களில் மூக்கைத் தூக்கிப் பாயும் கார்கள் பின்சக்கர இயக்கம் கொண்டவை. எடை பின்னால் போவது அவற்றுக்கு லாபம். அதைப் பார்த்து முன்பக்கத்தைத் தளர்த்தி, பின்பக்கத்தை இறக்குகிற பையன்கள் இருக்கிற பிடிப்பையும் இழக்கிறார்கள். முன்சக்கர வண்டிக்குப் பின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும், மூக்கு எழும்பக் கூடாது.

இன்னொரு தொல்லை, சக்கரம் குதிப்பது. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு பிடிப்பும் டிரைவ் ஷாஃப்ட்டிலும் பால் ஜாயின்ட்டிலும் சுத்தியலடியாக இறங்குகிறது. காரணம் பல சமயம் நைந்துபோன கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷும் தொய்ந்த இன்ஜின் மவுன்ட்டும்தான். அவற்றைக் கம்பெனி அளவிலேயே புதிதாகப் போட்டு, அதே அளவில் நல்ல டயர் மாட்டினாலே பிடிப்பில் பெரிய மாற்றம் தெரியும். செலவு குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை. முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: காயில் ஸ்பிரிங்கை கேஸ் வைத்து வெட்டுவது. சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். வெட்டிய முனை தன் இருக்கையில் தட்டையாக உட்காராது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கினால், ஸ்பிரிங் இடம் மாறும். இதே வண்டியை 402 மீட்டரின் முடிவில் முழு வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் பக்கவாட்டில் ஓடும். முறையான பாதையில் கோட்டுக்கு அப்பால் நிற்பதற்கென்றே நீண்ட இடம் விட்டிருப்பார்கள். ரோட்டில் அந்த இடத்தில் யாரோ நடந்துகொண்டிருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகிப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பள்ளமில்லாத ஸ்லிக் டயர் ரோட்டுக்கு ஆகாது, காருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது வேண்டும். பொது இடத்தில் மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் ரேஸ் ஓட்டினாலும், ஓட்ட விட்டாலும், முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையையும் 25,000 ரூபாய் அபராதத்தையும் சந்திக்க நேரும்.

இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். உங்கள் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தில் மூன்றாம் நபர் அடிபட்டால்கூட, கம்பெனி பொறுப்பை மறுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த இழப்பீடு உங்கள் தலையில், வீட்டை விற்க வேண்டிய அளவுக்கும் வரலாம். ஆகவே பந்தயத்துக்குக் கட்டிய வண்டி பந்தயப் பாதையில் மட்டும் ஓடட்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது. மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதித்த போட்டிகளில் வண்டியைச் சோதித்துத்தான் விடுவார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் டிரக்கில் ஏற்றிப் போங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமான விலக்கு வாசகம், அபாயகரமான விளையாட்டில் தொழில்முறை வீரராகப் பங்கேற்பவருக்கானது. மோட்டார் ரேஸ் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. பொழுதுபோக்காக ஓட்டி அடிபட்டவரின் மனுவை அதே வாசகத்தைக் காட்டித் தள்ளினால் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பட்டறை செய்த வேலை சரியில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பில் தர மறுப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். சட்டம் தடுத்த மாற்றத்தை நீங்களே கேட்டு வாங்கியிருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஆகவே, வேலை தொடங்கும் முன்பே என்ன பாகம், யார் தயாரிப்பு, புதியதா, புதுப்பேட்டையில் வாங்கிய பழசா, எங்கே வெல்டிங் என்று எழுதி வாங்குங்கள். ஏதாவது உடைந்தால் அந்தத் துண்டைப் பட்டறையில் விட்டுவராதீர்கள். முறிந்த முகத்தைத் துடைக்காமல், துருப்பிடிக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதி எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பழைய விரிசலா, அன்றைக்கு முறிந்ததா என்பதைப் பரிசோதிக்கும் பொறியாளர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.