ரோட்டில் தண்ணீர், ராத்திரியில் வெள்ளை உருவம்: திண்டிவனம் – விழுப்புரம் பயணத்தில் மூளை நம்மை ஏமாற்றுவது எப்படி?

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோ மீட்டர்தான். காரோ, ரயிலோ, ஒரு மணி நேரத்துக்குள் போயிடலாம். ஆனா இந்தச் சின்ன தூரத்துக்குள்ளேயே நம்ம கண்ணும் மூளையும் சேர்ந்து பல தடவை நம்மை ஏமாற்ற முடியும். இதில் சிலது வெறும் வேடிக்கை. சிலது உயிருக்கே உலை வைக்கும். எது எப்படி நடக்குது? தெரிஞ்சுக்கலாம் வாங்க.

ரோட்டில் தேங்கி நிற்கும் தண்ணீர்

அக்னி நட்சத்திர வெயிலில் விக்கிரவாண்டி பக்கம் போறீங்க. தூரத்தில் ரோடு ஈரமா, பளபளன்னு தெரியும். கிட்ட போனா ஒண்ணும் இருக்காது. இதுதான் கானல் நீர். பழந்தமிழில் இதற்கு 'பேய்த்தேர்' என்றே ஒரு பெயர் உண்டு.

தார் சாலை சூடாகும்போது அதை ஒட்டியுள்ள காற்றும் சூடாகி, அடர்த்தி குறையும். வானத்தில் இருந்து சாய்வாக இறங்கும் ஒளி இந்தச் சூடான காற்றில் பட்டு, மேல்நோக்கி வளைந்து நம்ம கண்ணுக்கு வரும். ஆனா ஒளி எப்பவும் நேர்கோட்டில்தான் வரும்னு மூளை நம்புது. அதனால் வானத்தின் ஒரு துண்டு தரையில் கிடப்பது போலத் தெரியுது. 'தரையில் வானம் தெரிஞ்சா அது தண்ணீர்தான்' என்று மூளை முடிவு செய்துவிடும்.

செல்போனில் போட்டோ எடுத்தாலும் கானல் நீர் பதிவாகும். அதாவது, கண் பார்த்தது நிஜம். 'தண்ணீர்' என்ற முடிவுதான் தப்பு. கீழே வரும் மற்ற விஷயங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

நம்ம ரயில் கிளம்பிடுச்சா?

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளுக்கு ரயில் பாதை பிரியுது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பீங்க, பக்கத்து டிராக் ரயில் நகரும். உடனே நம்ம ரயில்தான் பின்னாடி போகுதுன்னு ஒரு திடுக்!

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, வேகம் கூடும்போதும் குறையும்போதும்தான் தகவல் அனுப்பும். ஒரே சீரா போனால் அமைதியாகிடும். அதனால் ஜன்னல் முழுக்க ஏதாவது மெதுவா நகர்ந்தால், கண் சொல்வதை மூளை ஏத்துக்கும். எதிர்ப்பக்க ஜன்னல் வழியா பிளாட்பார தூணைப் பாருங்க, உண்மை தெரிஞ்சுடும்.

'மெதுவாத்தானே வருது' என்ற ஆபத்து

இனிமேல் சொல்றது வேடிக்கை இல்லை. தூரத்தில் வரும் ரயில், நிஜத்தில் வரும் வேகத்தை விட மெதுவா வருவது போலத் தெரியும். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் லைபோவிட்ஸ் 1985-ல் ரயில்வே கேட் விபத்துகளுக்கு இதையும் ஒரு காரணமாக எழுதினார். பெரிய பொருள் மெதுவா நகருதுன்னு மூளை நினைக்கும். அதோட, நேரா நம்மை நோக்கி வரும் பொருளின் அளவு முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிசாகும். கடைசி சில நொடிகளில்தான் 'கிட்ட வந்துடுச்சு' என்பதே உறைக்கும். அதுக்குள் தாண்ட நேரம் இருக்காது.

பைக் விஷயத்தில் இன்னொரு சிக்கல். உருவம் சின்னதா இருப்பதால், எதிரே வரும் பைக் இன்னும் தூரத்தில் இருப்பது போலத் தோணும். நெடுஞ்சாலையில் கார் திருப்பும்போது 'அது வர்றதுக்குள்ள போயிடலாம்' என்று நினைப்பது இதனால்தான்.

100-ல் வந்தவருக்கு 60 ஊர்வது மாதிரி

நாலு வழிச்சாலையில் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் வந்தால், மூளை அந்த வேகத்துக்குப் பழகிடும். அதன்பின் கூட்டேரிப்பட்டு மாதிரி ஊர்ப்பகுதிக்குள் திரும்பி 60-க்குக் குறைத்தாலும், ரொம்ப மெதுவா ஊர்வது போல இருக்கும். ஆனா குறுக்கே சைக்கிளில் வருபவருக்கு அது பாயும் வேகம்.

இதே ஏமாற்றத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். சிகாகோவில் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில், ஆபத்தான ஒரு வளைவுக்கு முன்னால் 2006-ல் வெள்ளைக் கோடுகள் போட்டாங்க. வளைவு நெருங்க நெருங்க கோடுகளுக்கு இடையிலான தூரம் குறையும். வேகம் கூடுதோன்னு பயந்து ஓட்டுநர் தானாகவே பிரேக்கில் கால் வைப்பார்.

ராத்திரி 3 மணிக்கு 'வெள்ளை உருவம்'

'ரோட்டில் யாரோ குறுக்க வந்தாங்க சார், பார்த்தா ஆளே இல்ல' என்று இரவு ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அவங்க பொய் சொல்லலை. அரைகுறை வெளிச்சத்தில் மூளை முதலில் தேடுவது மனித உருவத்தைத்தான். முள்செடியில் மாட்டிய பிளாஸ்டிக் பை, பனைமர நிழல், மைல்கல் எல்லாமே ஆள் நிற்பது போலத் தெரியும். தூக்கம் கெட்ட மூளை இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாததையே காட்டும்.

இன்னொரு விஷயம், கண் திறந்திருக்கும்போதே சில நொடி தூங்கிப் போவது. ஓட்டுபவருக்கே அது தெரியாது. 100 கிலோ மீட்டர் வேகத்தில் 4 நொடி என்றால், வண்டி 110 மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாமல் போகுதுன்னு அர்த்தம். உருவத்தைப் பார்த்து திடீர்னு ஸ்டியரிங்கை ஒடித்தாலும் விபத்துதான். அந்த இடத்தில் பேய் இருக்குன்னு பேசுறதை விட, அந்த ஓட்டுநர் கடைசியா எப்போ தூங்கினார்னு கேட்பதுதான் சரி.

என்ன செய்யலாம்?

* ரயில்வே கேட் மூடியிருந்தால் 'இன்னும் தூரம் இருக்கு' என்ற கணக்கே வேண்டாம். நில்லுங்க.
* நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் உணர்வை நம்பாதீங்க, ஸ்பீடோமீட்டரைப் பாருங்க.
* அதிகாலை 2 முதல் 5 மணி வரை முடிந்தவரை ஓட்ட வேண்டாம். மதியம் சாப்பிட்ட பிறகும் தூக்கம் வரும், கவனம்.
* கொட்டாவி, வழி மறந்து போவது, கடந்து வந்த ஊரே ஞாபகம் இல்லாதது எல்லாம் எச்சரிக்கை மணி. பாட்டு சத்தத்தைக் கூட்டுவதும், ஜன்னலைத் திறப்பதும் தூக்கத்தை விரட்டாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடிச்சுட்டு 15 – 20 நிமிடம் தூங்குங்க.
* நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

நல்லா தூங்கி எழுந்த பிறகும் உருவங்கள் தெரிவதும், குரல்கள் கேட்பதும் தொடர்ந்தால் அதை மறைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பாருங்க, அல்லது 14416 என்ற இலவச எண்ணுக்கு அழைத்துப் பேசுங்க. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.