17 பேர்தானே என்று விட்டார்கள்!
கொசு சின்னப் பூச்சிதான். ஆனால், அது ஒரு நாட்டையே படுக்கையில் தள்ளிவிடும். இலங்கையில் அது நடந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

1934-ம் ஆண்டு. இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் மழை பொய்த்தது. புரண்டு ஓடும் ஆறுகள் வற்றின. ஆற்று மணலில் அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நின்றது.

மலேரியாவைப் பரப்புவது "அனோபிலிஸ்" என்னும் கொசு. அங்கே இருந்த அனோபிலிஸ் சாக்கடையைத் தேடுவது இல்லை. வெயில் படும் தெளிந்த நீரில்தான் முட்டை இடும். அதற்கு இதைவிட நல்ல இடம் வேறு ஏது?

அந்தப் பக்கத்து மக்களுக்கு மலேரியா அதிகம் வந்தது இல்லை. எனவே, நோயைத் தாங்கும் சக்தி உடம்பில் இல்லை. முதலில் குளிர் நடுக்கம். பிறகு அனலாய்க் காய்ச்சல். பிறகு வியர்வை. வீட்டுக்கு வீடு இதே கதி! 1935-ம் ஆண்டு முடிவதற்குள் சுமார் 80 ஆயிரம் பேர் மாண்டனர்.

சுவரில் மருந்து

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் "டி.டி.டி." மருந்து கிடைத்தது. 1946-ம் ஆண்டு முதல் அதை வீடு வீடாகத் தெளித்தார்கள்.

கொசு பிறப்பது குட்டையில். மருந்தை வீட்டுச் சுவரில் தெளிப்பானேன்?

காரணம் இருக்கிறது. கடிப்பது பெண் கொசு மட்டுமே. (ஆண் கொசு, பாவம், இரத்தம் குடிப்பது இல்லை!) வயிறு முட்டக் குடித்த கொசுவால் நெடுந்தூரம் பறக்க முடியாது. பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும். அங்கே மருந்து இருந்தால் அதன் கதை முடிந்தது!

1963-ல் இலங்கை முழுவதும் மலேரியா கண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 17 பேர்!

மலேரியா ஒழிந்தது என்று எண்ணினார்கள். அடுத்த ஆண்டே மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள்.

அதுதான் தவறு. ஒருவர் உடம்பில் கிருமி இருந்தாலும் போதும். கொசு அதை ஊருக்கே கொண்டு போய்விடும். இரத்தினக்கல் தோண்டியவர்கள் மூடாமல் விட்ட குழிகளிலும் தண்ணீர் நின்றது. 1967-ல் நோய் மீண்டும் தலை எடுத்தது. 1969-ல் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் விழுந்தனர்.

மறுபடியும் மருந்து அடித்தார்கள். ஆனால், டி.டி.டி.க்குக் கொசு மசியவில்லை! 1977-ல் "மாலத்தியான்" என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள்.

ஆளைத் தேடி

பிறகு கொசுவோடு கிருமியையும் தேடினார்கள். மருத்துவக் குழுக்கள் வண்டியில் கிராமங்களுக்குப் போயின. காய்ச்சல் என்றால் உடனே இரத்தச் சோதனை; கிருமி இருந்தால் மாத்திரை. மருந்து ஏற்றிய கொசு வலைகளும் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்தபோதும் இந்த வேலை நிற்கவில்லை.

2012 அக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ளூரில் ஒருவருக்குக்கூட மலேரியா தொற்றவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம், "மலேரியா இல்லாத நாடு" என்று சான்றிதழ் கொடுத்தது.

இந்த முறை யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நல்லவேளை! அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் புதுவகை அனோபிலிஸ் சிக்கியது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்ந்து, மலேரியாவைப் பரப்புகிற அதே கொசு!

மன்னாரில் அது வளர்ந்ததும் கிணறுகளில்தான். அதிகாரிகள் கிணறு கிணறாகப் போனார்கள். கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களை உள்ளே விட்டார்கள்.