விரும்பாததை நாடும் மனம்



“இனித் தொடமாட்டேன்” என்று காலையில் பிள்ளைகள்மீது சத்தியம் செய்த ஒருவர், மாலையில் மீண்டும் போதையுடன் வீடு திரும்புகிறார். அவருக்கு மனவுறுதியும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை என்று நாம் விரைந்து தீர்ப்பிடுகிறோம். தீர்ப்பிடுமுன், படைத்தவர் நமக்குத் தந்த மூளை எவ்வாறு கற்கிறது எனச் சற்றுச் சிந்திப்போம்.

மூளையின் நடுப்பகுதியிலுள்ள சில நரம்புக் கலங்கள், டோபமின் என்னும் இரசாயனப் பொருளால் ஏனைய பகுதிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. சுவிற்சர்லாந்தின் பிரிபூர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் சுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளில் இக்கலங்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அவை விரைந்து இயங்கின. சாற்றுக்கு முன் ஓர் ஒளி தோன்றும் எனக் குரங்கு அறிந்துகொண்டபின், ஒளியைக் கண்டதுமே இயங்கின. சாறு கிடைத்தபோது அசையவில்லை. ஒளி தோன்றியும் சாறு வராதபோது அவற்றின் இயக்கம் தாழ்ந்தது. 1997ஆம் ஆண்டு அவரும் இரு அறிஞர்களும் வெளியிட்ட கட்டுரை இதன் பொருளை விளக்கியது. டோபமின் வெறும் இன்பத்தின் செய்தி அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டின் செய்தி. எதிர்பாராத நன்மையே மூளைக்குப் புதிய பாடமாகிறது.

மதுவும் நிக்கொட்டினும் கொக்கெயினும் வெவ்வேறு வழிகளில் இந்த டோபமினைப் பெருகச் செய்து, மூளைக்குப் பொய்ப்பாடம் புகட்டுகின்றன. பின்னர் போத்தலின் காட்சியும் பழைய கூட்டாளியின் அழைப்பும் அந்த ஒளியைப் போலவே வேட்கையைக் கிளறுகின்றன. நாடுதல் வேறு, சுவைத்தல் வேறு என்று அமெரிக்க அறிஞர் கென்ற் பெரிஜ் காட்டியுள்ளார். அடிமைப்பட்டவரிடம் சுவை குன்றிய பின்னும் நாட்டம் வளரக்கூடும். தன்னடக்கத்துக்கு உதவும் முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பதால், இளையோருக்கு ஆபத்து மிகுதி.

விரும்புவதைச் செய்யாமல் வெறுப்பதையே செய்யும் மனித அவலத்தைப் புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் மறைக்காமல் எடுத்துரைக்கிறார். அங்கேயே கிறிஸ்து வழியாக வரும் விடுதலைக்கு நன்றியும் கூறுகிறார். பழக்கமும் மட்டுமீறிய பற்றும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில் போதிக்கிறது. இதனால் தீமை நன்மையாகிவிடாது. ஆனால் நோயுற்றவருக்கு மருத்துவமும் பாவிக்கு இரக்கமும் தேவை. இவருக்கோ இரண்டுமே தேவை.

தவறாகக் கற்ற மூளை மீண்டும் கற்கவும் வல்லது. அதற்குக் காலமும் துணையும் வேண்டும். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். திருமண விருந்திலும் திருவிழாவிலும் அவர்முன் போத்தலை வைக்காதிருப்போம். மீண்டும் விழுந்தால் மீண்டும் கைகொடுப்போம்.

ஊதாரி மைந்தன் வேலையாளின் இடத்தையே எதிர்பார்த்து வீடு திரும்பினான். தந்தையோ ஓடிச்சென்று அவனைக் கட்டித் தழுவினார். எதிர்பாராத அந்த அன்பைவிடப் பெரிய பாடம் எது? அதை இன்று நம் வீட்டு வாசலில் நாம் கற்பிப்போமா?