கல்விக் கடனும் வருமானச் சான்றும்



மரவள்ளிக்கும் பாக்குக்கும் உரக் கணக்குச் சொல்கிறவன், இன்றைக்குப் படிப்புக் கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன். காரணம் உண்டு. வாழப்பாடிப் பக்கத்திலே ஒரு விவசாயி, மகளுடைய இன்ஜினியரிங் படிப்புக்காக இரண்டு ரூபாய் வட்டிக்குப் பணம் வாங்கிவிட்டார். "பேங்குக்குப் போகலீங்களா?" என்று கேட்டேன். "மூணு ஏக்கர் காடு இருக்குதுங்க. வருமானம் இருக்கிறவனுக்குக் கல்விக் கடன் கிடையாதுன்னு சொன்னாங்க" என்றார். இரண்டு ரூபாய் வட்டி என்றால் லட்சத்துக்கு வருஷம் 24,000 ரூபாய்!

கடன் வேறு, வட்டி மானியம் வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு இல்லை. தகுதி அடிப்படையில், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்திருக்க வேண்டும். கடன் மாணவர் பெயரில். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். 4 லட்சம் வரை நிலப் பத்திரமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். படிக்கிற காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் வருமானம் வருகிறது. 2009-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக் கடனுக்கு அந்தக் கால வட்டியை அரசே ஏற்கும். 2024 நவம்பரில் ஒப்புதலான பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கும், அரசு பட்டியலிட்ட கல்லூரிகளில் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் இது வருஷத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு லட்சமாக நாலு வருஷம் வாங்குகிறீர்கள். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய். வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் இதை அரசு கட்டும். சான்று கொடுக்காவிட்டால் உங்கள் பிள்ளை தலையில் விழும்.

ஆகவே வருமானச் சான்றை முன்கூட்டியே வாங்குங்கள். இ-சேவை மையத்தில் மனுச் செய்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் தாசில்தார் அலுவலகத்திலிருந்து கிடைக்கும். வெள்ளாமை, பால், கூலி, சம்பளம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனால் இங்கேயும் கணக்கில் வராது என்று நினைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். முழு வட்டி மானியம் ஒருவருக்கு ஒரு தடவைதான். பட்டப்படிப்புக்கு வாங்கினால் மேற்படிப்புக்கு இல்லை. படிப்பைப் பாதியில் விட்டால் மானியமும் போய்விடும். உடல்நலக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

மண்ணைப் பரிசோதித்த பிறகு உரம் போடுகிற நாம், வங்கியில் விசாரித்த பிறகு கடன் வாங்கலாம் அல்லவா? அட்மிஷன் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் வங்கிப் படியேறுங்கள். வட்டிக்கடை எங்கேயும் ஓடிப் போய்விடாது.