வண்டிப்பாதை அடைபட்டால் நூலகத்தில் வழி உண்டு

நிலம் இருக்கிறது. கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். எரு வண்டி உள்ளே போக முடியவில்லை. டிராக்டர் இறங்க வழியில்லை. அறுத்த கதிரைத் தலைச்சுமையாகத்தான் களத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தத் தகராறு இல்லாத கிராமம் குறைவு.

இப்படி நேரும்போது சிறு விவசாயிகள் பலர் ஒன்றிரண்டு பருவம் பொறுத்துப் பார்க்கிறார்கள். பிறகு தாலுகா ஆபீஸ் வாசலில் யாரோ எழுதித் தந்த மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சட்டம் தமக்கு என்ன உரிமை தந்திருக்கிறது என்பது தெரியாமலே பணமும் நாளும் செலவாகின்றன. சில விஷயங்களில், பொறுத்திருப்பதே உரிமையை இழக்கச் செய்துவிடும்.

வக்கீலிடம் போகும் முன்பு விஷயத்தைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத இடம் ஒன்று உண்டு. அதுதான் பொது நூலகம்.

வரி கட்டுகிறவர்களின் சொத்து

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் செய்தது சென்னை மாகாணம்தான், ஆண்டு 1948. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அதற்கும் முன்பே, 1931ல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத்துக்கும் விவசாயிக்கும் உள்ள தொடர்பு பழையது.

வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்குப் போகிறது. எனவே அங்கே போய்ப் புத்தகம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உறுப்பினர் ஆகாதவர்களும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப்போக மட்டுமே உறுப்பினராகச் சேர வேண்டும்.

எப்படிக் கேட்பது?

“சட்டப் புத்தகம் வேண்டும்” என்று கேட்டால் நூலகருக்கு எதை எடுத்துத் தருவது என்று புரியாது. “நிலத்துக்குப் போகும் பாதை உரிமை பற்றிய புத்தகம்”, “பாகப்பிரிவினை பற்றிய புத்தகம்”, “பட்டா மாறுதல் பற்றிய புத்தகம்” என்று விஷயத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். படிக்கச் சிரமப்படுகிறவர்கள் பள்ளிக்கூடம் போகும் மகனையோ மகளையோ உடன் அழைத்துப் போகலாம்.

கிளை நூலகத்தில் இல்லாவிட்டால் மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் தேடலாம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. மதுரைப் பக்கத்தாருக்கு 2023ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உண்டு. கணினி வசதி உள்ள நூலகங்களில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, வில்லங்க விவரம் ஆகியவற்றை அரசு இணைய தளங்களில் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

நூலகர் புத்தகத்தைக் காட்டுவார். வழக்கில் ஜெயம் கிடைக்குமா என்று அவரால் சொல்ல இயலாது. அது அவர் வேலையும் அல்ல.

பாதைத் தகராறில் பார்க்க வேண்டியவை

முதலில் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அடைபட்ட இடம் அரசு புறம்போக்கு வண்டிப்பாதை என்று இருந்தால் அதைத் தனியார் அடைக்க முடியாது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை கோரித் தாசில்தாரிடம் மனுச் செய்யலாம்.

பாதை பட்டா நிலத்தில் போகிறது என்றால் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். கிரயப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ பாதை பற்றி எழுதியிருந்தால் அதுவே பலமான ஆதாரம்.

இரண்டிலும் இல்லாவிட்டால் 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டம், அதாவது வசதியுரிமைச் சட்டம், கைகொடுக்கும். அதில் இரண்டு பிரிவுகள் விவசாயிக்கு முக்கியம்.

13வது பிரிவு அவசியத்தால் வரும் உரிமையைச் சொல்கிறது. அண்ணன் தம்பிகள் ஒரே நிலத்தைப் பிரித்துக்கொண்டபின், உள்ளே இருக்கும் பங்குக்குப் போக வேறு வழியே இல்லையென்றால், மற்றவர் பங்கின் வழியே போக உரிமை உண்டு. பின்னால் வேறு பாதை கிடைத்து அவசியம் நீங்கிவிட்டால் இந்த உரிமையும் முடிந்துவிடும். சுற்றிக்கொண்டு போவது சிரமம் என்பது மட்டும் போதாது.

15வது பிரிவு அனுபோகத்தால் வரும் உரிமை. தடங்கல் இல்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு 20 ஆண்டுகள் ஒரு பாதையில் போய்வந்திருந்தால் அது நிலைத்த உரிமையாகிறது. அரசு நிலமானால் 30 ஆண்டுகள். நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் தயவில் போய்வந்ததாக இருந்தால் இது பொருந்தாது.

இங்கேதான் நாள் கணக்கு வருகிறது. பாதை அடைபட்டது தெரிந்தும் ஓராண்டு அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தால், அது அனுபோகத்தில் விழுந்த தடங்கலாகக் கருதப்படும். அந்த 20 ஆண்டு அனுபோகமும், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். ஆகவே வேலி போட்ட தேதியை அன்றைக்கே குறித்து வைப்பதும், ஆட்சேபத்தை உடனே எழுத்தில் தெரிவிப்பதும், பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துவதும் மிக அவசியம். ஊர்ப் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தாலும் இந்தக் கெடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

பழைய புத்தகம் ஜாக்கிரதை

நூலக அலமாரியில் பழைய பதிப்புகளும் இருக்கும். புத்தகத்தைத் திறந்ததும் அச்சான ஆண்டைப் பார்ப்பது முதல் வேலை.

1989க்கு முன் வந்த புத்தகத்தில், பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு இல்லை என்று இருக்கும். தமிழ்நாடு 1989லும், நாடாளுமன்றம் 2005லும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபின் நிலைமை மாறிவிட்டது. கல்யாணமான மகளுக்கும் மகனைப் போலவே உரிமை உண்டு. 2005ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்றும் சுப்ரீம் கோர்ட் 2020ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

முளைக்காத விதை, போலி மருந்து பற்றிய புகாருக்கும் இப்படியே. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் போய் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 முதல் அமலில் இருக்கிறது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட் 2012ல் கூறியுள்ளது. புகார் செய்ய இரண்டு ஆண்டு கெடு. விதைப் பையையும் பில்லையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த படி

படித்ததை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் மூன்றும் இருந்தால் போதும். அதோடு சர்வே எண், பத்திர நகல், பட்டா, புலப்படம், நடந்தவற்றின் தேதிகள் ஆகியவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தால் புத்தகம் வக்கீலுக்கு ஈடாகாது. வசதியில்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ தாலுகா குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொண்டால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. எனவே கையெழுத்துப் போடும் முன், பாதையின் அகலம் எத்தனை அடி, டிராக்டரும் கதிர் வண்டியும் போகலாமா என்பதெல்லாம் சமரசத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.