இத்தாலியில் ஒளிந்திருந்த டிஸ்லெக்சியா

வாசிப்பதில் திணறவைக்கும் டிஸ்லெக்சியா இத்தாலியர்களுக்குக் குறைவு, ஆங்கிலம் படிப்பவர்களுக்குத்தான் அதிகம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணமும் தயாராக இருந்தது. இத்தாலிய மொழியில் 25 ஒலிகள். அவற்றை எழுத 33 எழுத்துக்கூட்டுகள் போதும். ஆங்கிலத்தில் ஒலிகள் சுமார் 40. எழுதும் விதங்களோ 1,120! ஓ, யு, ஜி, எச் என்று முடியும் சொல் ஓரிடத்தில் ‘தோ’, இன்னோரிடத்தில் ‘காஃப்’. திணறாமல் என்ன செய்வார்கள்?

2001இல் எரால்டோ பவுலேசு, உட்டா ஃப்ரித் முதலானோர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய மூன்று நாட்டு மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் அல்ல, பல்கலைக்கழகம்வரை வந்துவிட்டவர்கள். (டிஸ்லெக்சியா என்றதும் நமக்கு ‘தாரே ஜமீன் பர்’ படத்துச் சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான். அந்தச் சிறுவர்களும் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள் என்பது மறந்துவிடுகிறது.) பெட் ஸ்கேனில் படுக்கவைத்து, படிக்கும்போது மூளையில் எங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று பார்த்தார்கள்.

டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இரு நாட்டவரைவிடப் பிழையின்றிப் படித்தார்கள். ஆனால் ஒலிகளைப் பிரித்துக் கையாளும் சோதனைகளில் மூன்று நாட்டவரும் ஒரே அளவு தடுமாறினார்கள். இவ்வகைச் சோதனை எப்படியிருக்கும் என்றால், ‘பால் கடை’ என்பதை முதல் ஒலி மாற்றி ‘கால் படை’ என்று சொல்ல வேண்டும். மூளைப் படத்திலும் அதே கதைதான். இடப்பக்கப் பொட்டு மடலில், டிஸ்லெக்சியா இல்லாதவர்களுக்குச் சுறுசுறுப்பாக இருக்கும் பகுதி, இந்த மூன்று நாட்டவருக்கும் மந்தமாகவே இருந்தது. எளிய எழுத்துமுறை குறையைப் போக்கவில்லை, மறைத்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோதான தமிழிலும் இது நடக்கலாம். தப்பில்லாமல் ஆனால் மெதுவாகப் படிக்கிற பிள்ளையை ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுவது சுலபம்.

அந்தப் பகுதி ஏன் மந்தம்? ஒலிகளே மூளையில் தெளிவில்லாமல் பதிந்திருக்கின்றன என்பது பழைய கருத்து. 2013இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பார்ட் பூட்ஸ் குழு, டிஸ்லெக்சியா உள்ள 23 பெரியவர்களுக்குப் பேச்சொலிகளைக் கேட்கவைத்து எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் எடுத்தது. ஒலிகளின் பதிவு மற்றவர்களுக்கு இருந்ததைப் போலவே துல்லியமாக இருந்தது. செவிப்புலப் பகுதிக்கும், இட நெற்றி மடலிலுள்ள ப்ரோகா பகுதிக்கும் இடையே இருந்த தொடர்புதான் பலவீனம். கிடங்கில் சரக்கு இருக்கிறது, கடைக்கு வரும் சாலைதான் குண்டும் குழியும். இதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. எனக்கென்னவோ நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

சாலை என்றால் செப்பனிடலாமே? ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கினிவீர் ஈடன் குழு, டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு எட்டு வாரம் ஒலிப்பயிற்சி கொடுத்துப் பார்த்தது. வாசிப்பு முன்னேறியது. இடப்பக்கத்தில் செயல்பாடு கூடியதோடு, வலப்பக்கமும் கைகொடுக்க வந்திருந்தது. இந்த ஆய்வு 2004இல் வெளியானது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்கேன் சென்டருக்குக் கிளம்ப வேண்டாம். பத்திரிகையில் பார்க்கும் அந்தச் சிவப்பு, மஞ்சள் படங்கள் பெரும்பாலும் பலருடைய மூளைகளின் சராசரி. தனியொருவருக்கு டிஸ்லெக்சியா உண்டா என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு இன்றும் அர்த்தமில்லாத சொற்கள் எழுதிய ஒரு தாளும், ஒரு ஸ்டாப் வாட்சும், பொறுமையாகக் கேட்கிற ஒரு நிபுணரும்தான் வேண்டும்.